இரண்டாம் பாட்டிலேயே விழுந்தவர்

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு,

‘நலம், நலமறிய அவா’ என்றுதான் தொடங்கினேன். முதல் சொல் பொய் என்பதால் அதை அடித்துவிட்டு மிச்சத்தை மட்டும் அனுப்புகிறேன்.

உங்கள் தம்பி ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பதறாதீர்கள், உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். எங்கள் கடைதான் உங்களுக்குத் தெரியுமே. பீரும் வறுத்த மீனும், ஓரத்தில் ஒரு கீபோர்டு, மேசைகளைச் சுவரோரம் தள்ளினால் நாலு ஜோடி ஆடலாம். அங்கே தினமும் கடைசிப் பாட்டில் காதலன் சாகும் இடத்தில் இவர் மைக்கோடு சரிந்து விழுவார், கூட்டம் ‘ஒன்ஸ் மோர்’ கேட்கும், எழுந்து மறுபடி சாவார். சனிக்கிழமை இரண்டாம் பாட்டிலேயே விழுந்தார். “என்னண்ணே, இன்னைக்குச் சீக்கிரமே செத்துட்டீங்க!” என்று ஒருவர் கத்த, எல்லோரும் கைதட்டினார்கள். சட்டை அழுக்காகாமல் சாகத் தெரிந்த மனிதர், சிந்திக் கிடந்த பீரில் முகம் குப்புற விழுந்ததைப் பார்த்ததும் கரண்டியோடு ஓடிவந்து, “ஐயோ, யாராவது தூக்குங்களேன்!” என்று அலறினேன். “அக்கா என்னமா நடிக்கிறாங்க! இத்தனை நாள் அடுப்படியில வெச்சு வீணாக்கிட்டாரே!” என்றார்கள். நான் அழ அழக் கைதட்டல் கூடியது. கூட்டத்திலிருந்து நாடி பார்க்க வந்த ஒரு பல் டாக்டருக்கும் விசில். கடைசியில் கீபோர்டுக்காரர் வாசிப்பதை நிறுத்தினார். சண்டையில் நாற்காலி பறந்தபோதுகூட நிறுத்தாத மனுஷன். அந்த அமைதியில்தான் எல்லோருக்கும் புரிந்தது.

கண் விழித்ததும் என்ன கேட்டார் தெரியுமா? “ஒன்ஸ் மோர் கேட்டாங்களா?”

“கேட்டாங்க. நான்தான் வேணாம்னுட்டேன்.”

அதற்குக் கோபம் வேறு! இதயம் பலவீனமாம், இனிப் பாடக் கூடாதாம், இவரோ டாக்டரிடமே, “மெலடி மட்டும் பாடலாமா சார்?” என்கிறார். அண்ணி, நான் சொன்னால் காதில் ஏறாது. வளர்த்தவர் நீங்கள். உடனே வந்து, கடையை மூடு என்று ஒரு அதட்டல் போடுங்கள். எனக்கு அவர் வேண்டும், உயிரோடு.

வணக்கம், ஆசி, முத்தம் எல்லாம் சேர்த்தே அனுப்பியிருக்கிறேன். வீட்டில் அவரவர்க்கு எது பொருந்துமோ அதைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் அவராகவே, “கடைய மூடிடலாம்மா, அவ்வளவுதான்” என்றார். நான் கேட்டதே அதுதான். ஆனால் அதற்குப் பிறகு சுவரைப் பார்த்துப் படுத்தவர் திரும்பவேயில்லை. கஞ்சியைத் தொடவில்லை, என்னோடு சண்டைகூடப் போடவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. வாருங்கள் அண்ணி. வந்து, பாடச் சொல்லுங்கள். மெதுவாகவாவது.