மூக்குப்பேணியில் கறுத்த பியர்

பொய் சொல்லத் தெரியாத மனிதனைக் கடவுளுக்குப் பிடிக்கலாம், கலியாண வீட்டுக்காரருக்குப் பிடிக்காது. என் தங்கையின் கலியாணத்தில் மாப்பிள்ளையின் தகப்பன் பந்தியில் என் பக்கம் குனிந்து, "சாம்பார் எப்பிடி?" என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார். "உப்புக் கூடிப்போச்சு. பருப்பும் வேகேல்லை" என்றேன். (சமைக்க ஆள் பிடித்தது அவர்தான் என்று எனக்கு முதலே ஆர் சொன்னது?) இன்றைக்கும் என்னைக் கண்டால் அந்த மனிதர் சைக்கிளைக் கொஞ்சம் வேகமாகத்தான் மிதிப்பார்.

நான் எட்டாம் வகுப்போடு வயலுக்கு இறங்கியவன். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவேன், அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. இந்த வியாதிதான் என்னை ஒரு நாள் பியருக்குத் தீர்ப்புச் சொல்லும் நீதவானாக்கியது.

முரசுமோட்டையில் எங்கள் பிள்ளையார் கோயிலில் பூசை நேரத்தில் பதிகம் பாடுகிறவன் நான். செவ்வாய் வெள்ளியில் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் தொடமாட்டேன். சதுர்த்திக்கு விரதம். சாராயப் போத்தலை நான் கையில் தூக்கியதென்றால் அது மண்ணெண்ணெய் வாங்குவதற்கு. அப்படியிருந்தவனுடைய வீட்டில்தான் என் மனைவி சாந்தாவின் தம்பி சுதன் வந்து பெட்டியைத் திறந்தான்.

சுதன் நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தான். அந்த வருடம் மனைவி நிரோஜாவோடு லீவில் வந்திருந்தான். பெட்டி திறந்ததும் வீடெல்லாம் வறுத்த கோப்பி மணம். கம்பளிக் காலுறைக்குள் சுற்றிக் கொண்டுவந்த மூன்று போத்தல்களில் ஒன்று வழியில் வெடித்து, நிரோஜாவின் பட்டுச்சேலையைக் குளிப்பாட்டியிருந்தது.

"என்னடா இது?" என்றாள் சாந்தா.

"ஸ்டவுட், அக்கா. கறுத்த பியர். ஓட்ஸ் போட்டு நானே காய்ச்சினது."

"எங்கட டொக்டரும் இவரை ஓட்ஸ் குடிக்கச் சொன்னவர்தான். இந்தக் கோலத்திலை எண்டு சொல்லேல்லை."

சுதன் சிரிக்கவில்லை. பிறகு தேத்தண்ணி குடிக்கும்போதுதான் சங்கதி வெளியே வந்தது. அவனுக்கு மீன் வெட்டிக் கை விறைத்துவிட்டது. ஒரு கூட்டாளி பியர் காய்ச்சும் இடம் ஒன்று தொடங்குகிறான், வேலையை விட்டுவிட்டு அவனோடு சேர வேண்டும் என்பது இவனுடைய கனவு. நிரோஜா சம்மதிக்கவில்லை. அவள் மீதும் பிழை சொல்ல ஏலாது. நிரந்தர வேலையை விடுவதென்றால் எந்தப் பெண்ணும் யோசிப்பாள்.

"கூட்டாளிமார் எல்லாரும் திறம் எண்டுதான் சொல்லுவினம், அண்ணா" என்றாள் நிரோஜா என்னிடம். "ஓசியிலை குடிக்கிற ஆக்கள் வேறை என்ன சொல்லுவினம்? பொய் சொல்லாத ஒராள் குடிச்சுப்போட்டு நல்லம் எண்டு சொல்லட்டும். நான் அதுக்குப் பிறகு ஒரு கதையும் கதைக்கமாட்டன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். சுதனும் பார்த்தான். எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

"நான் குடிக்கிறேல்லையே, பிள்ளை."

"அதாலைதான் கேக்கிறன். உங்களுக்கு அதிலை ஆசையில்லை."

மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சுதனுடைய முகம் பள்ளிக்கூடச் சோதனை முடிவு பார்க்கப் போகும் பிள்ளையின் முகம்போல இருந்தது. மனம் கேட்கவில்லை. செவ்வாய், வெள்ளி, திங்கள் என்று தள்ளித் தள்ளி, ஒரு விசேடமும் இல்லாத புதன்கிழமை மத்தியானத்தைக் குறித்தேன்.

"பிள்ளையாரிட்டைக் கேட்டனீங்களோ?" என்றாள் சாந்தா.

"கேட்டனான். அவர் ஒண்டும் சொல்லேல்லை."

"அவருக்கு என்ன சொல்லுறதெண்டு தெரிஞ்சிராது."

புதன்கிழமை வந்தது. கறி ருசி நாக்கில் ஒட்டியிருந்தால் தீர்ப்புப் பிழைக்கும் என்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் தொடவில்லை. (வெறும் வயிற்றில் பியர் என்ன செய்யும் என்று எட்டாம் வகுப்பு வரை ஒருவரும் படிப்பிக்கவில்லை.) சுதன் வீடெல்லாம் தேடிக் கண்ணாடிக் கிளாஸ் ஒன்று கொண்டுவந்தான். நான் அதை வாங்கவில்லை. அலுமாரிக்குள்ளிருந்த மூக்குப்பேணியை எடுத்துவரச் சொன்னேன். கெண்டிபோல மூக்கு வைத்த பித்தளைப் பேணி அது. உதடு படாமல் அண்ணாந்து, மூக்கு வழியாக வாய்க்குள் வார்த்துக் குடிப்போம்.

என் மூளையில் ஒரு சட்டம் ஓடிக்கொண்டிருந்தது. வாய் பட்டால்தான் குடித்தது. படாவிட்டால் வார்த்தது. வார்த்ததற்குப் பாவம் பாதிதான்.

"அத்தான், இது ஆறுதலா, மணந்து பாத்து, நாக்கிலை உருட்டிக் குடிக்கிற சாமான்" என்றான் சுதன்.

"நீ ஊத்து" என்றேன்.

ஊற்றினான். முற்றத்தில் கிழக்குப் பார்த்து நின்று, சிவசிவா என்று சொல்லி அண்ணாந்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் சரித்தேன். வரவில்லை. நுரை போய்ப் பேணியின் மூக்கை அடைத்துக்கொண்டது எனக்கு எப்படித் தெரியும்? நன்றாகச் சரித்து ஒரு குலுக்குக் குலுக்கினேன். வாய்க்கால் கதவைத் திறந்துவிட்டதுபோல எல்லாம் ஒன்றாக வந்தது. வாய்க்குள் கொஞ்சம், என் சொந்த மூக்குக்குள் கொஞ்சம், மிச்சம் நெற்றி விபூதியைக் கரைத்துக்கொண்டு கழுத்தால் இறங்கி வெள்ளைச் சட்டைக்குள் போனது.

"எப்பிடி, அத்தான்?"

இருமி முடித்துச் சொன்னேன்: "தெரியேல்லை. நாக்கிலை நிக்காமல் நேரை உள்ளுக்கை போட்டுது. இன்னும் கொஞ்சம் விடு."

இப்படியே ஒரு போத்தல் முடிந்தது. பாதி எனக்குள்ளே, பாதி என் மேலே. தீர்ப்பு மட்டும் வரவில்லை. சுதன் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். "இன்னும் ஒண்டுதான் கிடக்கு, அத்தான்."

சாந்தா வந்து பேணியைப் பறித்துக்கொண்டு கிளாஸைக் கையில் திணித்தாள். "வாயை வைச்சுக் குடியுங்கோ. சட்டை குடிச்சிட்டுது, செருப்புக் குடிச்சிட்டுது, இனி உங்களுக்கென்ன ஆசாரம்?"

வாயை வைத்துக் குடித்தேன்.

"அடிப்பிடிச்சிட்டுது" என்றேன்.

நிரோஜா சுதனைப் பார்த்தாள். சுதன் நிலத்தைப் பார்த்தான். "அடிப்பிடிக்கேல்லை, அத்தான். பார்லியை வறுத்துப் போடுறது. அந்த மணம்."

ஒரு மிடறைக் குடித்துவிட்டு ஒரு மனிதனின் வாழ்க்கைக்குத் தீர்ப்புச் சொல்வது பாவமாகப்பட்டது. நியாயத்துக்காக இன்னொரு மிடறு குடித்தேன். நீதிக்காக மற்றொன்று. கிளாஸ் முடிந்தது. தருமம் என்று ஒன்று இருக்கிறதே, இன்னொரு கிளாஸ் வாங்கினேன். காது சூடாகிவிட்டது. வேலியோரத் தென்னை எனக்கு வணக்கம் சொல்வதுபோல ஒரு பக்கம் சாய்ந்தது. நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

போத்தல் முடிந்தபோது எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. கதிரையை விட்டு எழும்பி, தொண்டையைச் செருமி, தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தேன். வேலிப் படலையடியில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கோயில் ஐயர்.

"சிவம், கெதியாய் வெளிக்கிடுங்கோ. பக்கத்து வளவுக்காரர் புது டிராக்டருக்கு இண்டைக்கே பூசை வேணுமெண்டு நிக்கினம். பதிகம் பாட ஆளில்லை."

அங்கேதான் என் வியாதி தலை காட்டியது. "ஐயா, என்னாலை ஏலாது. நான் குடிச்சிருக்கிறன்" என்றேன்.

ஐயர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சட்டையெல்லாம் கறுப்பு. வயிறு குலுங்கச் சிரித்தார். "கோப்பியைத் தட்டி ஊத்திப்போட்டு நிண்டு பகிடி விடுறியள். குளிச்சிட்டு வாங்கோ."

"உண்மையா, ஐயா. பியர்."

"நீங்கள் பியர் குடிச்சா, எங்கட பிள்ளையார் சைக்கிள் ஓடுவார்" என்றபடி மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

என் வாழ்க்கையில் உண்மை சொல்லி அடி வாங்கியிருக்கிறேன், உறவு முறிந்திருக்கிறது. ஒருவரும் நம்பாமல் போனது அன்றைக்குத்தான். கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி ஊற்றினேன். உடம்பைக் கழுவலாம், குடலைக் கழுவ ஏலுமோ? ஆனாலும் பூசை தடைப்படக் கூடாது. புது வேட்டி கட்டிக்கொண்டு, ஒரு பக்கம் சுதனும் மறுபக்கம் நிரோஜாவும் அணைத்து வர, பின்னால் சாந்தா தலையைக் குனிந்துகொண்டு வர, கோயிலுக்குப் போனேன். உள்ளே மட்டும் போகவில்லை. வாசலுக்கு வெளியே, றோட்டில், புது டிராக்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

உள்ளே தீபம் காட்டினார்கள். ஐயர் வாசல் பக்கம் பார்த்துத் தலையசைத்தார். பாடத் தொடங்கினேன்.

ஒரு பாட்டோடு நிறுத்த வேண்டிய இடம் அது. எனக்கு நிறுத்த மனம் வரவில்லை. அடுத்ததைப் பாடினேன், அதற்கடுத்ததையும் பாடினேன். அன்றைக்கு இருந்த அன்பு எனக்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. கண்ணால் தண்ணீர் ஓடியது. உள்ளே கற்பூரம் எரிந்து அணைந்தது, இன்னொன்று கொளுத்தினார்கள், அதுவும் அணைந்தது. போதும் என்று சொல்ல ஐயர் மணியை அடித்தார். நான் அதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டு சுருதியைக் கூட்டினேன். கடைசியில் சாந்தா வந்து என் வாயைப் பொத்தித்தான் பூசை முடிந்தது.

சனம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. "ஏன் அண்ணை வெளியிலை நிண்டனீங்கள்?" என்று கேட்டார் டிராக்டர்காரர்.

"குடிச்சிருக்கிறன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் என் முதுகில் தட்டிக்கூட விட்டார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. டிராக்டரின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு தொடங்கினேன்.

"நம்பேல்லையோ? கேளுங்கோ. நிறம், இந்த டிராக்டருக்கு ஓயில் மாத்தேக்கை கீழாலை ஒழுகுமே, அந்தக் கறுப்பு. நுரை, நெல்லு அவிக்கிற கிடாரத்திலை பழுப்பாய்க் கிளம்புமே, அது. மணம், வறுத்த கோப்பியும் மாட்டுக்கு ஊறவைச்ச தவிடும் சேந்த மணம். முதல் மிடறு அடிப்பிடிச்ச கஞ்சி மாதிரி இருக்கும். அவசரப்பட்டுத் துப்பிப்போடாதேங்கோ, அது வறுவல். பிறகு நாக்கிலை வழுவழுப்பாய் ஒண்டு நிக்கும், ஆடிப்பிறப்புக் கூழ் குடிச்சா நிக்குமெல்லே, அப்பிடி. அது ஓட்ஸ். தித்திப்பு பனங்கட்டி அளவுக்கு இல்லை, பனங்கட்டி வைச்ச ஓலைக் குட்டானை மணந்தா வாற அளவுதான். ஒரு குறை இருக்கு. கடைசியிலை கொஞ்சம் அதிகமாய்க் கைக்குது. மற்றும்படி நல்ல சாமான். பொறுமையும் பக்குவமும் உள்ள ஒருதன் காய்ச்சினது. இதைக் காய்ச்சத் தெரிஞ்சவன் மீன் வெட்டிக்கொண்டு நிக்கிறது சரியில்லை."

சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "அண்ணை, மிச்சம் ஏதும் கிடக்கோ?"

ஐயர் கையிலிருந்த தட்டத்தை மெல்லக் கீழே வைத்தார். "அப்ப, நீங்கள் உண்மையாத்தான்..." என்று தொடங்கியவர், வசனத்தை முடிக்கவில்லை.

முடித்தது நிரோஜாதான். சுதனுடைய கையைப் பிடித்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "கோயில் வாசலிலை நிண்டு, இவ்வளவு சனத்துக்கு முன்னாலை ஆரும் பொய் சொல்லுவினமோ? கைக்குதெண்டும் சொல்லிப்போட்டார். சரி, விடுங்கோ அந்த மீன் வேலையை."

சுதன் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தான். "கைப்பைக் குறைக்கிறன், அத்தான்" என்றான். நான் அவன் தோளில் சாய்ந்தபடியே நித்திரையாகிவிட்டேன் என்று சாந்தா சொல்கிறாள். (எனக்கு அது ஞாபகமில்லை. அதனால் மறுக்கவும் முடியவில்லை.)

ஐயர் பிராயச்சித்தமாகக் கோயில் வீதியைக் கூட்டச் சொன்னார். மார்கழி முழுக்கக் கூட்டினேன். இப்போதும் நான் பாட வந்தால் உள்ளேயிருந்து, "சிவம், இண்டைக்கு உள்ளுக்கையோ, வெளியிலையோ?" என்று கேட்காமல் தீபத்தைத் தொடமாட்டார். சுதன் அங்கே நன்றாக இருக்கிறான். வெள்ளைக்காரர் வரிசையில் நின்று அவனுடைய கறுத்த பியரை வாங்குகிறார்களாம். கைப்பைக் குறைத்துவிட்டானாம். அதற்கு நான் சாட்சி சொல்லமாட்டேன். அன்றைக்குப் பிறகு ஒரு சொட்டும் தொட்டதில்லை.

எங்கள் குடும்பத்தில் மட்டும் அந்த வாசல் நிலைத்துவிட்டது. சேலை வடிவாக இருக்கிறது என்று மருமகன் சொன்னால், "கோயில் வாசலிலை நிண்டு சொல்லுங்கோ" என்பாள் என் மகள். பிள்ளைகள் படித்து முடித்தோம் என்றாலும் அதே பேச்சு. நோர்வேயில் நிரோஜாவும் அப்படித்தான் சொல்கிறாளாம். அங்கே கோயிலுக்குப் போக எத்தனையோ மைல்.

போன கிழமை சாந்தா புதிதாகக் குரக்கன் மா வாங்கிப் பிட்டு அவித்தாள். எதிரே வந்து இருந்து, "எப்பிடி?" என்றாள்.

"நல்லாயிருக்கு."

"எழும்புங்கோ. கோயில் வாசலிலை போய் நிண்டு சொல்லுங்கோ."

முழங்கால் நோகிறது என்று சொல்லிக் கதிரையிலேயே இருந்துவிட்டேன். (முழங்கால் நோவு உண்மைதான்.)