ஐந்து மஞ்சள் சீட்டுகளைத் தேடி

ஆம்பூர்,
1934, கார்த்திகை, ஊர் அடங்கிய நேரம்

மகா கனம் பொருந்திய அந்தோணி மாமா அவர்களுக்கு, அக்காள் மகள் அமிர்தவள்ளி பணிந்து எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. மாமியின் சுகமும், பட்டணத்துப் பெரியமேட்டுத் தோல் கிடங்கில் உங்கள் குமாஸ்தா உத்தியோகத்தின் சுகமும் அறிய ஆவல். அப்பா தரம் எழுதித் தோல் மூட்டைக்குக் கட்டும் மஞ்சள் சீட்டுகளில் எழுதுவதை மன்னிக்கவும். விளக்கைத் தணித்துவிட்டுப் பெட்டிக்கடியில் துழாவியதில் இவைதான் கைக்கு அகப்பட்டன.

மாமா, பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். கிரேக்க நாடகத்திலும் எலிசபெத் ராணி காலத்து இங்கிலீஷ் நாடகத்திலும் வருகிற துயர நாயகர்களையும் வில்லன்களையும் ஒப்பிட வேண்டும். எல்லோரும் விழித்தார்கள், நான் விழிக்கவில்லை. தோல் தரம் பிரிப்பவர் மகளுக்கு இது என்ன பிரமாதம்? தோலில் குறை இரண்டு வகை. ஆடு உயிரோடிருக்கும்போதே உண்ணி கடித்த வடு ஒன்று. சுண்ணாம்புக் குழியில் மயிர் உதிர்ந்த பிறகுதான் அது தெரியும். கிரேக்க நாயகன் அப்படி. அவனைக் கெடுக்க வில்லன் வேண்டாம், குறை அவனிடமே இருக்கிறது, கடைசியில் அவனே கண்டுபிடித்து அலறுகிறான். மற்றது உரிக்கிறவன் கத்தி பட்ட வெட்டு. இங்கிலீஷ் நாயகனிடமும் குறை உண்டு, ஆனால் அது தெரிந்த ஒருவன் கத்தியோடு பக்கத்திலேயே நிற்கிறான். செய்யப்போவதை முன்கூட்டியே சபையாரிடம் சொல்லியும் விடுகிறான். நாயகனுக்கு மட்டும் காது கேட்காது.

உதாரணங்களை வீட்டிலிருந்தே எடுத்தேன். திருப்பத்தூரிலிருந்து வந்திருக்கும் அத்தை அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, "இந்தப் படிப்பெல்லாம் தை மாசத்தோட சரி. எம் புள்ள ரத்தினசாமிக்கு இன்னா கொறச்சல்?" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறார். இரண்டு முழம் தள்ளிச் சாப்பிடுகிற அப்பா, "ரசம் இருக்கா?" என்கிறார். அம்மாவும் பக்கத்து வீட்டு அக்தரி பேகமும் கிரேக்க நாடகத்தில் ஓரமாய் நின்று புலம்பும் பாட்டுக் கூட்டம்போல் "ஐயோ" என்று சொல்லிவிட்டுச் சும்மா நிற்கிறார்கள். அப்பாவின் குறையையும் எழுதினேன்: தோலைத் திருப்பிப் பார்க்காமல் தரம் சொல்லமாட்டார், ஆனால் தரம் எழுதும் சீட்டை ஒருநாளும் திருப்பிப் பார்க்கமாட்டார்.

பள்ளிக்கூடத்துக்குப் பெயர்களை நீக்கிய பிரதியைக் கொடுத்துவிட்டேன். பெயர்களோடு கூடிய முதல் பிரதி, ஐந்து மஞ்சள் சீட்டுகளில் ஒரு பக்கம் மட்டும் எழுதியது, ஜெபப் புத்தகத்துக்குள் இருந்தது. இன்று காணோம்! இன்றுதான் அத்தை அறையைப் பெருக்கினார். கேட்டதற்கு, "ஒங் காயிதத்த நான் தொடவேயில்லடி, பேஜார் பண்ணாத" என்றார். வில்லன்கள் அப்படித்தான் சொல்வார்கள். அப்பாவின் மஞ்சள் சீட்டுக் கட்டில் அவர்தான் சேர்த்துவிட்டார், எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பா அந்தக் கட்டை எடுத்துப்போய் நாற்பது மூட்டைக்கும் கட்டிச் சாயங்காலமே ரயிலேற்றிவிட்டார்.

சரக்கு வண்டிக்கு முன்னால் இந்தத் தபால் வந்துவிடும். மாமா, மூட்டை வந்ததும் சீட்டுகளைத் திருப்பிப் பார்த்து என்னுடைய ஐந்தையும் பிய்த்துவிடுங்கள். முதலாளி மக்பூல் அகமது சாயபு கண்ணில் பட்டால் அப்பா தலைநிமிர முடியாது, என் படிப்பு நின்றுவிடும், தை பிறந்தால் நான் திருப்பத்தூரில் ரத்தினசாமிக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பேன்.

மாமிக்கு வணக்கம், குழந்தைக்கு முத்தம். மாதாவின் ஆசீர் நம் எல்லோர் மேலும் இருக்கட்டும், இந்த வாரம் என் மேல் கொஞ்சம் ஜாஸ்தியாக.

கீழ்ப்படிதலுள்ள,
அமிர்தவள்ளி

பின்குறிப்பு: மை காயட்டும் என்று சீட்டுகளைத் திருப்பினேன். மாமா, பின்பக்கம் என் கட்டுரை! செவ்வாய்க்கிழமை, யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயத்தில் நானே ஜெபப் புத்தகத்திலிருந்து எடுத்துப் பெட்டிக்கடியில் சொருகியது இப்போதுதான் நினைவு வருகிறது. அத்தை தொடவேயில்லை. நீங்கள் எந்த மூட்டையையும் தேட வேண்டாம். இங்கிலீஷ் நாடகம் என்று நம்பி எழுதினேன், கிரேக்க நாடகமாக முடிந்தது. குற்றவாளியைத் தேடின ஆளே குற்றவாளி. சீட்டைத் திருப்பிப் பார்க்காத குறை அப்பாவோடு நிற்கவில்லை. ஆனாலும் தபாலில் போடுகிறேன், இது இந்த வீட்டை விட்டுப் போனால்தான் எனக்குத் தூக்கம் வரும். படித்ததும் அடுப்பில் போட்டுவிட்டுத் தை மாதத்துக்கு முன் நீங்கள் வந்து அப்பாவிடம் பேச வேண்டும். அத்தை சீட்டைத் தொடவில்லையே தவிர, ரத்தினசாமியைப் பற்றிச் சபையாரிடம் சொன்னது சொன்னதுதான்.