சம்பூர்ணத்தின் தங்கமீன்

டயனோரா டி.வி.க்குப் பக்கத்தில் இருந்த மீன் தொட்டி பச்சையாகிவிட்டது. உள்ளே மீன் இருக்கிறதா என்று ராஜாராம் கண்ணாடியில் மூக்கை வைத்துத் தேட வேண்டியிருந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஏதோ அசைந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

மனைவி சம்பூர்ணம் வயிற்றில் கட்டியோடு செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். "அம்மா தைரியமா இருக்கணும் சார். மனச விட்டுட்டாங்கன்னா எங்க கையில ஒண்ணுமில்ல" என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் ரயிலேறிப் போய் நின்றால், சாப்பிட்டீர்களா என்றுகூட அவள் கேட்பதில்லை. ஒரே கேள்விதான்.

"மீன் எப்படி இருக்கு?"

"ஜம்முனு இருக்கு."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் என் உடம்பைப் பற்றி இவள் ஒரு நாளும் இப்படி விசாரித்ததில்லையே என்று ராஜாராமுக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. ஆனாலும் ஒன்று புரிந்தது. அந்த மீன் போனால் இவளும் போய்விடுவாள்.

தேங்காய் நாரைப் போட்டுத் தேய்த்தார். பாசி கண்ணாடியை விட்டுத் தண்ணீரில் கலந்து, தொட்டி முருங்கைக்கீரை சூப்பாகிவிட்டது. ஸ்டேஷன் ரோட்டில் மீன் கடை வைத்திருக்கும் ஜெபக்குமாரிடம் ஓடினார்.

"சக்கர் மீனு ஒண்ணு வுடு சார். பாசிய பூரா நக்கி எடுத்துடும்."

கறுப்பாக, பார்க்கவே சகிக்காத சக்கர் மீன் தொட்டிக்குள் போனது. மறுநாள் பாசி அப்படியே இருந்தது. சக்கர், தங்கமீனின் விலாவில் ஒட்டிக்கொண்டு அதை நக்கிக்கொண்டிருந்தது.

"சிலது அப்படித்தான் சார். ருசி புடிச்சிடும்" என்றான் ஜெபக்குமார். "அத எடுத்துட்டு இந்த மருந்த ஊத்து."

மருந்தை ஊற்றியதும் தங்கமீன் ஒருக்களித்து நீந்த ஆரம்பித்தது. பயந்துபோன ராஜாராம் வியாழக்கிழமை சாயங்காலம் தண்ணீரை மொத்தமாக முகந்து கொட்டி, தொட்டியைச் சுரண்டிக் கழுவி, குழாய்த் தண்ணீரை நிரப்பினார். பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலாக அடித்தது. சுத்தமான தண்ணீர் என்று சந்தோஷப்பட்டார்.

வெள்ளிக்கிழமை காலை தொட்டியில் ஒரு பொட்டுப் பாசி இல்லை. மீன் வயிற்றைக் காட்டி மிதந்தது.

ராஜாராம் தரையில் உட்கார்ந்து அழுதார். மீனுக்காக அழவில்லை.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, ஜெபக்குமாரை எழுப்பிக் கடையைத் திறக்கவைத்து, அதே அளவில், அதே நிறத்தில் ஒரு மீனை வாங்கிப் பிளாஸ்டிக் பையோடு ரயிலேறினார்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். துணைக்கு இருந்த பக்கத்து வீட்டுக்காரி பாப்பா கூடவே நடந்துகொண்டிருந்தாள்.

சம்பூர்ணம் தலையைத் தூக்கினாள். "மீன்?"

"நீயே பாரு, எப்படித் துள்ளுதுன்னு." பையை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

அவள் பார்த்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது, கதவு மூடிக்கொண்டது.

"சந்தோஷத்தப் பாத்தியா பாப்பா? இனிமே தைரியமா இருப்பா" என்றார் ராஜாராம்.

பாப்பா அவரை வெறித்துப் பார்த்தாள்.

"இன்னா அண்ணாத்த நீ? தொட்டியில மீனு செத்தா, வூட்டுக்கு வர்ற சாவு அதோட போயிடும்னு நம்பிகினு கீது அக்கா. அது செத்துடுச்சின்னு ஒரு வார்த்த கேக்கத்தான் தெனம் உன் மூஞ்சியப் பாத்துகினு இருந்திச்சி."