வெள்ளை வட்டத்தின் ஆட்சி

எந்த வரைபடத்திலும் இடம்பெறாத ஆழிப்பாடி நாட்டில், ஐப்பசி பிறந்தால் ஆறு ஊருக்குள் வந்துவிடும். மக்கள் கூரைமேல் ஏறிக்கொள்வார்கள். ஆறு திரும்பிப் போகும்வரை அரசாங்கம் அனுதாபத்தில் இருக்கும்.

ஒரு வருடம் வெள்ளம் வழக்கத்தைவிட நான்கு முழம் கூடுதலாக வந்தது. அப்போது கறுப்புத் தார்ப்பாயைத் தோளில் கட்டி, முகத்தைத் துணியால் மூடிய ஒருத்தி, கூரை கூரையாகப் படகில் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனாள். தார்ப்பாயின் முதுகில் பெரிய வெள்ளை வட்டம். அவளுக்குப் பத்து ஆள் பலம் என்றார்கள். தண்ணீருக்கடியில் மூச்சுவிடுவாள் என்றார்கள். விசாரித்தவரையில் உண்மை இவ்வளவுதான்: அவள் பெயர் மாசிலா, செங்கல் ஏற்றும் படகோட்டி. மழைக்குத் தார்ப்பாய், சாரலுக்கு முகத்துணி. மழை மூட்டத்திலும் கூரைமேல் இருப்பவர்களின் கண்ணில் படவேண்டும் என்று, வாளியின் விளிம்பில் வெள்ளைப் பெயிண்டைப் பூசித் தார்ப்பாயில் அழுத்திக்கொண்டாள்.

குழந்தைகள் சுவரெல்லாம் வட்டம் வரைந்தார்கள். செய்தி அரண்மனைக்கு எட்டியது. உடனே சின்னத்துறை என்றொரு துறை தொடங்கப்பட்டு, வாகைநாதர் அதற்கு அமைச்சரானார்.

"அரசே, சூப்பர் ஹீரோக்களிடம் நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு" என்றார் அவர், மன்னர் மகிழ்கோவிடம். "முகமூடிக்குள் இருப்பது யார் என்று எவரும் கேட்பதில்லை. மார்பில் இருக்கும் சின்னத்தைக் கண்டதும் கைதட்டுகிறார்கள்."

"அப்படியானால் ஆள் எதற்கு?"

"அதைத்தான் நானும் யோசித்தேன், அரசே. ஆள் களைத்துப்போவார். சின்னம் களைப்பதில்லை."

மன்னர் தம் மார்பைக் குனிந்து பார்த்தார். பிறகு, "எனக்கு ஓர் அங்கி தைக்கச் சொல்லுங்கள்" என்றார்.

முதல் ஆணைப்படி வெள்ளை வட்டம் அரண்மனையின் சொத்தானது. மாசிலாவின் தார்ப்பாயைக் காவலர்கள் எடுத்துப்போய் அருங்காட்சியகத்தில் தொங்கவிட்டார்கள். கீழே 'மன்னரின் முதல் அங்கி' என்று எழுதியிருந்தது. இரண்டாம் ஆணைப்படி எல்லாப் பொது இடங்களிலும் வட்டம் வரையப்பட்டது. மருத்துவமனையில் வெற்றுச் சுவர் கிடைக்காததால் சன்னல்களை அடைத்து வரைந்தார்கள். மூன்றாம் ஆணைப்படி ஆறு மீட்புப் படகுகள் கட்டப்பட்டன. ஒவ்வொன்றின் நடுவிலும் இரண்டு ஆள் உயரத்துக்கு வட்டப் பலகை. அதைத் தாங்கிப் பிடிக்க எட்டு வீரர்கள். மற்றவர்களுக்கு இடமில்லை.

நான்காம் ஆணைதான் முக்கியமானது. வட்டம் இல்லாத படகுகள் போலியானவை; வெள்ளக் காலத்தில் அவற்றில் ஏறுவது குற்றம். மக்கள் இதை வரவேற்றார்கள். அவர்களைக் குறை சொல்வது சரியா என்று தெரியவில்லை. வட்டம் வந்ததும் உயிர் பிழைத்ததை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். வட்டத்துக்குக் கீழே ஒருத்தி துடுப்புப் போட்டதையும் பார்த்திருந்தார்கள். ஆனால் நினைவில் நின்றது வட்டம்தான்.

அடுத்த ஐப்பசியில் ஆறு வந்தது.

குருவித்திட்டில் ஒன்பது வீடுகள், எல்லாம் மண்சுவர். நாற்பத்து மூன்று பேர் கூரைமேல் நின்றார்கள். ஒரு கூரையில் கைக்குழந்தையோடு பவளம். பக்கத்தில் தலையணை மூட்டையை அணைத்தபடி அவள் மாமனார் குப்பமுத்து. மதியம் வட்டப்படகு வந்தது. எல்லாரும் கையை ஆட்டினார்கள். அதிகாரி ஒலிபெருக்கியை எடுத்தார்.

"வட்டத்தைப் பார்த்தீர்களா?"

"பாத்தோம் ஐயா!"

"தைரியம் வந்ததா?"

"வந்துச்சு ஐயா!"

"நன்று" என்றார் அதிகாரி. படகு போய்விட்டது. இருட்டுவதற்குள் இன்னும் நாற்பது ஊர்களுக்கு வட்டத்தைக் காட்டவேண்டியிருந்தது.

சற்று நேரத்தில் செங்கல் படகோடு மாசிலா வந்தாள். முதுகில் ஒன்றும் இல்லை.

"ஏறுங்க, சீக்கிரம். செவரு ஊறிப்போச்சு."

"வட்டம் எங்க?" என்றார் குப்பமுத்து.

"புடுங்கிட்டுப் போயிட்டாங்க."

"அப்ப நீ போலி. அசலு இப்பத்தான் இப்படிப் போச்சு. திரும்பி வரும்."

"அது வர்றதுக்குள்ள உங்கள மீனு தின்னு முடிச்சிரும், பெரியவரே."

யாரும் அசையவில்லை. கடைசி வீட்டின் மூலைச்சுவர் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் சரிந்தது. பவளம் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். சட்டப்படி நிற்பதா, இறங்குவதா? மாமனாரைப் பார்த்தாள். அவர் மூட்டையை முதலில் படகுக்கு நீட்டிப் பார்த்தார். அதில் ஏறினால் குற்றம் மூட்டைக்குத்தானே என்று நினைத்திருக்கலாம்.

மாசிலாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "யோவ், மனுசனுக்கே எடமில்லங்குறேன், தலகாணிக்கு எடம் கேக்குறியா? தூக்கி எறிஞ்சிட்டுப் பச்சப்புள்ளய இறக்குய்யா மொதல்ல!"

குப்பமுத்துவின் முகம் மலர்ந்தது. "பவளம், இவதாம்மா. போன வருசமும் இதே வாயிதான். ஏறு, ஏறு!"

அடுத்த கூரையிலிருந்தும் சிரிப்பு கேட்டது. "ஆமாமா, என்னையும் இப்படித்தான் வஞ்சா!"

நான்கு நடையில் நாற்பத்து மூன்று பேரும் கரையேறினார்கள். நான்காவது நடை கிளம்பியபோது கடைசிக் கூரையும் உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் அமைச்சர் வாகைநாதர் விசாரணைக்கு வந்தார். வட்டப்படகுகள் ஆறும் பின்னால் நின்றன. செயலாளர் படித்தார்: "வட்டப்படகில் மீட்கப்பட்டவர்கள், எவருமில்லை. வட்டமில்லாத படகில் ஏறிய குற்றவாளிகள், நாற்பத்து மூன்று பேர்."

அமைச்சர் மாசிலாவை முன்னால் அழைத்தார். கையில் பட்டு அங்கி. அதில் வெள்ளை வட்டம். "இதை அணிந்துகொண்டு விழாக்களில் நின்றால் போதும், அம்மணி. பேசவேண்டாம். படகும் ஓட்டவேண்டாம். மறுத்தால் இந்த நாற்பத்து மூன்று பேரும் சிறைக்குப் போவார்கள்."

மாசிலா அந்த நாற்பத்து மூன்று பேரையும் திரும்பிப் பார்த்தாள். அங்கியைத் தொடப் போனாள் என்றும் சொல்கிறார்கள்.

பவளம் குழந்தையோடு முன்னால் வந்தாள். "ஏக்கா, அதத் தொடாத. அமைச்சரய்யா, எங்கள உள்ள போடுங்க. வழக்கு நடக்குமில்ல? நாங்க ஒவ்வொருத்தரா கூண்டுல ஏறி நடந்ததச் சொல்றோம். வட்டம் வந்துச்சு, தைரியம் வந்துச்சான்னு கேட்டுச்சு, போயிருச்சுன்னு."

"நாப்பத்து மூணு சாட்சி" என்றார் குப்பமுத்து. "நான் கொஞ்சம் விரிவாவே சொல்லுவேன்."

அமைச்சர் அங்கியை மடித்துச் செயலாளரிடம் கொடுத்தார். "என்னதான் வேண்டும் உங்களுக்கு?"

"பேர நீங்க வச்சிக்கங்க" என்றாள் மாசிலா. "படக இங்க விட்டுட்டுப் போங்க."

"குடிமக்களின் படகில் வட்டம் இருக்கக்கூடாதே. சட்டம் இருக்கிறது."

"அப்ப பலகையக் கழட்டிட்டுப் போங்க ஐயா. நாங்க சட்டத்த மீறுவமா?"

அமைச்சருக்கு அது நியாயமாகவே பட்டது. ஆறு பலகைகளும் ஊர்வலமாகத் தலைநகர் போயின. நாற்பத்து மூன்று உயிர்களைக் காத்த வட்டங்கள் என்று அவற்றுக்கு மாலை போட்டார்கள். பலகை போன பிறகு ஒவ்வொரு படகிலும் இருபது பேர் உட்கார முடிந்தது.

அந்த வருடம் முழுக்க, வேலை முடிந்த மாலைகளில் குருவித்திட்டுக்காரர்கள் துடுப்புப் போடக் கற்றார்கள். மாசிலா கரையில் நின்று திட்டினாள். பக்கத்து ஊர்க்காரர்களும் திட்டு வாங்க வந்தார்கள். படகு கட்டினார்கள். நான்காம் ஆணையை யாரும் ரத்து செய்யவில்லை. யாருக்கும் அது நினைவில்லை.

மறு ஐப்பசியில் மன்னர் வட்ட அங்கியோடு உப்பரிகையில் நின்றார். மழை கொட்டியது.

"வாகைநாதரே, ஆற்றில் வட்டம் தெரிகிறதா?"

"ஒன்றுகூடத் தெரியவில்லை, அரசே."

"அப்படியானால் யாரும் யாரையும் காப்பாற்றவில்லையா?"

அமைச்சர் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தார். கூரைகளுக்கும் கரைக்கும் நடுவே முப்பது படகுகள் போய்வந்துகொண்டிருந்தன. ஒன்றிலும் எந்தக் குறியும் இல்லை. ஒரு படகில் பவளம் துடுப்புப் போட்டுக்கொண்டே யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

"காப்பாற்றுவதாகத் தெரியவில்லை, அரசே" என்றார் அமைச்சர். "மக்கள் எங்கோ போய்க்கொண்டிருக்கிறார்கள். நம்மைக் கேட்காமலே போகிறார்கள்."