மூன்றாம் கட்டம் தாண்டாத விமர்சகர்

முழுதாகத் தெரியாத ஒன்றைப் பற்றி அடித்துப் பேசுவதில் எனக்கு ஒரு காலத்தில் அபாரமான திறமை இருந்தது. இப்போதும் இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். அந்தக் காலத்தில் அதற்கென்றே ஓர் ஒலிவாங்கியும் வாரத்துக்குப் பத்து நிமிடமும் தந்திருந்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

மெல்பேர்ணில் எங்கள் ஆட்கள் நடத்தும் சின்னச் சமூக வானொலி ஒன்றில், சனிக்கிழமைக் காலை நிகழ்ச்சியில் வீடியோ கேம் விமர்சனம் செய்துவந்தவன் நான். எனக்கு முன்னால் மரண அறிவித்தல், எனக்குப் பின்னால் சமையல் குறிப்பு. (இரண்டையும் தவறவிட முடியாத நேயர்கள் வேறு வழியில்லாமல் என்னையும் கேட்டார்கள்.) வார நாட்களில் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை. மறந்துபோன கடவுச்சொற்களை மாற்றிக் கொடுப்பேன். டார்னெய்ட் புறநகரில் அம்மா அப்பாவோடு இருந்தேன். வயது முப்பதைத் தொட்டதும் அம்மா எனக்குப் பெண் தேடத் தொடங்கியிருந்தார்.

அப்போதுதான் அந்தக் கேம் வெளிவந்தது. பெயரைச் சொல்லக் கூடாது என்று வீட்டில் கட்டளை. அது கிளைத்து வந்த தாய்க் கேம் எனக்கு உயிர். காடு, மலை, டிராகன், மந்திரவாதி எல்லாம் உண்டு, ஆனால் ஒன்றுக்கும் அவசரமில்லை. மூலிகை பறிக்கலாம், ஊர்க்காரரோடு நின்று வம்பளக்கலாம், ராஜாவுக்கு உண்மை சொல்வதா பொய் சொல்வதா என்று அரை மணி நேரம் யோசிக்கலாம். புதிதாக வந்த கிளைக் கேமில் உலகம் அதேதான், பேச்சு மட்டும் இல்லை. வாளை எடுத்து வருகிறவனை வெட்ட வேண்டும், பிறகு அவனுக்குப் பின்னால் வருகிறவனை வெட்ட வேண்டும். என்னைப் போன்ற பழைய பக்தர்கள் கொதித்துப்போனோம்.

வாங்கி விளையாடினேன். முதலாம் கட்டம், இரண்டாம் கட்டம் எல்லாம் பிரச்சினை இல்லை. மூன்றாம் கட்டத்தில் கல்லால் ஆன ஓர் அரக்கன் வந்தான். அடித்தான், செத்தேன். மறுபடி போனேன், மறுபடி அடித்தான். நாற்பதாவது தடவையோடு எண்ணுவதை விட்டேன். கொன்ட்ரோலரைச் சோபாவில் எறிந்துவிட்டு, இந்தக் கேம் சரியில்லை என்ற முடிவுக்கு வந்தேன்.

ஆனால் பத்து நிமிடம் பேச வேண்டுமே. இணையத்தில் ஆங்கில விமர்சனங்களைத் தேடிப் படித்தேன். கருத்துகள் கலந்துதான் இருந்தன. வாள் வீச்சு அருமை, ஆனால் பின்பகுதியில் ஒரே மாதிரியான மண்டபங்கள் என்றார் ஒருவர். கதை இல்லாததால் தாய்க் கேமின் ரசிகர்கள் ஏமாறுவார்கள், மற்றவர்களுக்குப் பிடிக்கும் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் இரண்டையும் சொல்லி, இசையையும் பாராட்டியிருந்தார். நான் மூன்று பேரிடமிருந்தும் குறைகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, பேருக்கு அந்த இசையையும் சேர்த்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம். கடைசியில் என் சொந்தச் சரக்காக ஒன்றைச் சேர்த்தேன். அந்தக் கல் அரக்கனை மனிதப் பிறவியால் வெல்ல முடியாது, அது கேமின் பிழை, இந்தச் சண்டையை உருவாக்கியவர் வாழ்க்கையில் ஒருவரோடும் சண்டை போட்டிருக்க மாட்டார். (இந்தக் கடைசிக் கருத்தைப் பிற்பாடு முழுமையாக வாபஸ் பெற்றுக்கொண்டேன்.) பத்துக்கு நாலு கொடுத்தேன். அந்த நாலும் இசைக்குத்தான் என்று சொல்லி நானே சிரித்துக்கொண்டேன்.

இது சனிக்கிழமை. ஞாயிறு பின்னேரம் ரோவிலில் பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு.

பெண்ணின் பெயர் ஆரணி. சாதகக் குறிப்பு பொருந்திவிட்டது. பயோடேட்டாவில் ‘சொஃப்ட்வெயார் எஞ்சினியர், பெரிய கம்பெனி’ என்று இருந்தது. படத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குறும்புப் பார்வை. உண்மையைச் சொன்னால், அந்தப் படத்தை நான் அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் வந்த சம்பந்தங்களில் எதுவும் சரிவராதபோது எனக்குக் கவலை இருந்ததில்லை. இது சரிவர வேண்டும் என்று இருந்தது.

என் பயோடேட்டாவில் அம்மா கேம் என்ற சொல்லே வராமல் பார்த்துக்கொண்டார். ‘சமூக சேவை: வானொலி’ என்று போட்டிருந்தார். சம்பந்தம் என்றால் இரண்டு பக்கமும் விசாரிப்பார்கள் அல்லவா? அந்தச் சிரமத்தை அவர்களுக்கு வைக்காமல் அம்மாவே தொலைபேசியில் கூப்பிட்டு, தம்பி ரேடியோவில் நல்ல தமிழ் பேசுவான், சனிக்கிழமை கேட்டுப் பாருங்கள் என்று நேரத்தையும் சொல்லிவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் கூச்சப்படுவேனாம்.

ஞாயிற்றுக்கிழமை நகரத்தின் மேற்கு ஓரத்திலிருந்து கிழக்கு ஓரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் காரோடிப் போனோம். அம்மா பட்டுச் சேலை, அப்பா வழக்கம்போல மௌனம். ஆரணியின் அப்பா சிவம் அங்கிள் வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். அவருடைய மனைவி ராஜி அன்ரி தேநீரும் சுடச்சுடப் பொரித்த பற்றிஸும் வைத்தார். ஆரணி எதிர்க் கதிரையில் வந்து உட்கார்ந்தாள். படத்தில் இருந்த குறும்பு நேரில் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதை நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

“தம்பியின்ர ரேடியோவைக் கேட்டனாங்கள்,” என்றார் அங்கிள்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. நல்ல தமிழ் என்று அங்கிள் பாராட்டினார், உச்சரிப்புத் தெளிவு என்றார். பிறகு பற்றிஸ் தட்டை என் பக்கம் நகர்த்திக்கொண்டே, கெட்ட எண்ணம் சிறிதும் இல்லாமல் சொன்னார்.

“நீங்கள் சொன்ன கேம் எங்கட பிள்ளை செய்ததாம். அந்த அரக்கனைச் செய்தது இவதான்.”

வாயில் இருந்த பற்றிஸை விழுங்கவும் முடியவில்லை, வெளியே எடுக்கவும் முடியவில்லை. அம்மா குழம்பிப்போய், சொஃப்ட்வெயார் எஞ்சினியர் என்றல்லவா போட்டிருந்தது என்று கேட்டார். குசினி வாசலில் கரண்டியோடு நின்ற ராஜி அன்ரி ஒளிக்காமல் பதில் சொன்னார்.

“கேம் செய்யிறா எண்டு போட்டா ஆர் சம்பந்தத்துக்கு வருவினம்?”

கேம் விளையாடுகிற பையனை மறைத்த அம்மாவும், கேம் செய்கிற பெண்ணை மறைத்த அன்ரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேரில் ஒருவராவது உண்மையை எழுதியிருந்தால் நான் அந்தக் கேமைப் பத்துக்குப் பன்னிரண்டு கொடுத்துத் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பேன்.

ஆரணி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“நீங்கள் கேமை ஃபினிஷ் பண்ணினீங்களா?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அத்தோடு முடிந்திருக்கும். நான் “ஓம், கிட்டத்தட்ட” என்றேன்.

அங்கிள் மகிழ்ந்துபோனார். வீட்டில் எல்லாரும் மகள் செய்கிறதைப் பார்த்துத்தான் இருக்கிறோம், வெளி ஆள் ஒருவர் விளையாடிப் பார்த்ததில்லை, ஒருக்கா விளையாடிக் காட்டுங்கோ என்றார். நான் மறுக்கும் முன்பே தொலைக்காட்சி உயிர் பெற்றது. கொன்ட்ரோலர் என் கைக்கு வந்தது. ஆரணி மூன்றாம் கட்டத்தை எடுத்துவிட்டாள். என் பழைய நண்பன் திரையில் எழுந்து நின்றான்.

இந்த உலகத்தில் எத்தனையோ பேர் பெண் பார்க்கப் போயிருக்கிறார்கள். பாடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், ஆடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளையை நடு ஹோலில் உட்கார வைத்து, பெண் செய்த அரக்கன் கையால் அடித்துக் கொன்ற சம்பவம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. முதல் தடவை ஏழு விநாடி தாங்கினேன். அடுத்த தடவை ஐந்து. நான் எம்பி எம்பி வாளை வீச, அவன் ஆற அமரக் கையைத் தூக்கி என்னைத் தரையோடு தேய்த்தான். அங்கிள் ஒவ்வொரு முறையும் அடச்சா, இன்னொருக்கா என்று உற்சாகப்படுத்தியது இன்னும் வலித்தது. அம்மாவுக்குத் திரையில் யார் யார் என்று விளங்கவில்லை.

“இப்ப தம்பி அடிக்கிறானோ?” என்று அப்பாவைக் கேட்டார்.

“வாங்கிறான்,” என்றார் அப்பா. அன்று முழுவதும் அவர் பேசியது அவ்வளவுதான்.

ஒன்பதாவது மரணத்தில் ராஜி அன்ரிக்குப் பொறுக்கவில்லை. ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்தார். தாங்கோ தம்பி என்று கொன்ட்ரோலரை வாங்கினார். உட்காரக்கூட இல்லை. அரக்கன் கையை ஓங்கினான். அன்ரி ஒரே ஒரு பட்டனை அழுத்தினார். கேடயம் எழுந்தது, அடி தெறித்தது, அரக்கன் தள்ளாடினான். நாலு வெட்டு வெட்டினார். அப்படி மூன்று முறை. கல் அரக்கன் பொடிப்பொடியாகக் கொட்டினான். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி அன்ரி திரும்பிப் போனார். போகிற போக்கில், “தோளைப் பாக்கோணும் தம்பி, வாளைப் பாக்கிறேல்லை,” என்றார்.

மகள் வீட்டுக்குக் கொண்டுவரும் அரைகுறைக் கேம்களை எல்லாம் முதலில் விளையாடிப் பார்ப்பது அன்ரிதானாம். வருடக் கணக்காக. அங்கிள் பெருமையோடு சொன்னார்.

முறைப்படி எங்கள் இருவரையும் தனியாகப் பேச விட்டார்கள். பின்வளவில் துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே நின்றோம். ஆரணி கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் விரல் விட்டு எண்ணினாள். மண்டபங்கள் ஒரே மாதிரி என்று நான் சொன்னது யாருடையது, கதை இல்லை என்றது யாருடையது, இசை எவருடையது என்று மூன்று விமர்சகர்களின் பெயரையும் சொன்னாள். தன் கேமைப் பற்றி வந்த ஒவ்வொரு விமர்சனத்தையும் வரிக்கு வரி படித்திருக்கிறாள்.

“உங்கட சொந்தமா ஒரே ஒரு கருத்துத்தான் இருந்தது. அந்த அரக்கனை வெல்ல ஏலாது எண்டது. அது பிழை,” என்றாள். பிறகு குரல் தாழ்ந்தது. “ஆறு மாசம் அவனோட இருந்தனான்.”

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதுவரை கேம்கள் கடையில் தானாக முளைக்கின்றன என்பதுபோலத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்குப் பின்னால் ஒருத்தி ஆறு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டு இருந்திருப்பாள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இனி இழக்க ஒன்றுமில்லை என்றானதும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கிட்டத்தட்ட என்றது பொய், மூன்றாம் கட்டத்தைத் தாண்டவே இல்லை, கேடயத்துக்கு ஒரு பட்டன் இருப்பது சற்று முன் அன்ரியைப் பார்த்துத்தான் தெரியும்.

ஆரணி தலையை நிமிர்த்தினாள்.

“பட்டன் இருக்கிறதே தெரியாதா?”

“தெரியாது.”

“தொடக்கத்தில ஒருக்கா சொல்லித் தருமே?”

“அப்ப நான் தேத்தண்ணி ஊத்தப் போனனான்.”

அவள் கைபேசியை எடுத்தாள். தகப்பனைக் கூப்பிடப் போகிறாள் என்று பயந்தேன். அவள் குறிப்பெடுக்கத் தொடங்கினாள். எத்தனையாவது தடவை கோபம் வந்தது, அப்போது எந்தப் பட்டனை அழுத்தினேன், ஏன், அரக்கனின் எந்தப் பாகத்தைப் பார்த்தேன் என்று அரை மணி நேரம் துருவித் துருவிக் கேட்டாள். வேலை செய்கிற இடத்தில் எல்லாரும் கெட்டிக்காரர்களாம், வீட்டில் அம்மா அதைவிடக் கெட்டிக்காரியாம், இவ்வளவு மோசமாக விளையாடும் ஒருவர் இதுவரை அவளுக்குக் கிடைக்கவில்லையாம். என்னைப் பிடித்துவிட்டது என்று நினைத்து ஒவ்வொன்றுக்கும் விரிவாகப் பதில் சொன்னேன்.

அடுத்த நாள் ஆரணியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஓம் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. முடித்துவிட்டு உங்கள் சொந்தக் கருத்தைச் சொல்லுங்கள், பிறகு கதைப்போம் என்று இருந்தது.

மூன்று வாரம் எடுத்தது. தோளைப் பார்த்தேன், கேடயத்தைத் தூக்கினேன், அரக்கன் பொடியான அன்று கதிரையிலிருந்து எழுந்து வீட்டைச் சுற்றி ஓடினேன், பிறகு மிச்சக் கட்டங்களையும் முடித்தேன். அடுத்த சனிக்கிழமை வானொலியில், முன்பு செய்த விமர்சனம் இரவல் வாங்கியது, அப்போது கேமை நான் விளையாடி முடித்திருக்கவில்லை என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டேன். பிறகு என் சொந்த அபிப்பிராயத்தைச் சொன்னேன். சண்டை பிடிபட்ட பிறகு அது நடனம் ஆடுவதுபோல இருக்கிறது. ஆனால் கடைசி நாலு கட்டமும் உண்மையாகவே அலுப்பு. பத்துக்கு ஆறரை. அந்த அலுப்பை மறைத்துவிடலாமா என்று கடைசி நிமிடம்வரை யோசித்தேன். மறைத்தால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியதாகிவிடும் என்று தோன்றியது.

மரியாதைக்குச் சமையல் குறிப்பு முடியும்வரை பொறுத்துவிட்டு ஆரணி தொலைபேசியில் வந்தாள்.

“கடைசி நாலும் அலுப்புத்தான். நான் மீட்டிங்கில சொன்னனான், ஒருத்தரும் கேக்கேல்லை,” என்றாள். பிறகு, “அடுத்த கிழமை வாறீங்களா? இந்த முறை அப்பா அம்மா இல்லாமல்,” என்றாள்.

ஆறு மாதத்தில் கல்யாணம். அதற்குள் இன்னொன்றும் நடந்தது. கேமுக்கு ஒரு திருத்தம் வெளியிட்டார்கள். அதில் ஒருவர் அரக்கனிடம் ஐந்து தடவை செத்தால், கேடயப் பட்டனைக் காட்டி ஒரு சின்னக் குறிப்புத் திரையில் வந்து போகும். அவ்வளவுதான் மாற்றம். மூன்றாம் கட்டத்தில் கைவிட்டவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். மதிப்பெண்ணைக் கூட்டிப்போட்ட இரண்டு விமர்சகர்கள் அந்தக் குறிப்பைத்தான் முதலில் பாராட்டினார்கள். நான் இரவல் வாங்கிய ஞானம் எதுவும் யாருக்கும் உதவவில்லை. நான் தோற்ற விதம்தான் உதவியது.

ஆரணி விடவில்லை. கேம் முடிந்ததும் ஓடும் பெயர்ப் பட்டியலில், கடைசியில், நன்றி என்ற இடத்தில் ‘கோபி, டார்னெய்ட்’ என்று போட வைத்துவிட்டாள். அம்மாவுக்கு அன்று முதல் கேம் என்றால் மறைக்க வேண்டிய விஷயம் இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் மகனின் பெயர் தொலைக்காட்சியில் வருவதைக் காட்டியே ஆக வேண்டும். ஆனால் அந்தப் பட்டியல், கடைசி அரக்கனை வீழ்த்தினால்தான் ஓடும். ஒருமுறை நான் முயன்றேன். வந்தவர்கள் முக்கால் மணி நேரம் பொறுமையாக இருந்துவிட்டு, பெயரைப் பார்க்காமலே போய்விட்டார்கள்.

அதனால் இப்போது விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் அம்மா முதலில் ரோவிலுக்குத்தான் தொலைபேசி எடுக்கிறார். ராஜி மாமி வருவார். தேநீர் ஆறுவதற்குள் அரக்கன் விழுவான். பட்டியல் ஓடத் தொடங்கும். என் பெயர் வந்ததும் எல்லாரும் கை தட்டுவார்கள், மாமியைப் பார்த்து.