சோளக்கொல்லைக்குக் கட்டிய மூட்டை

துலூமுக்குத் தனியாகவே போய்விடுவது என்று வில்ஃப்ரீதோ தீர்மானித்துவிட்டான். தனியாக என்றால் நண்பர்களோடு. மனைவி நிக்கோலாசா இல்லாமல். அவளிடம் சொன்னால் மாமியாரும் மூன்று மைத்துனிகளும் வேனில் ஏறிவிடுவார்கள். போன தடவை துலூமின் பழங்காலக் கடலோரக் கோட்டையில் அவன் கண்டதெல்லாம் மாமியாரின் குடைக்கம்பிதான்.

"ரூஃபினோவோட சோளக்கொல்லையில களை வெட்டப் போறேன்டி," என்று அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஞாயித்துக்கிழமையிலயா? பாவம்!" என்று அவள் ஒரு துணி மூட்டையை நீட்டினாள். "மறக்காம பிரிச்சுப் பாருங்க."

வேனில் ஏறியதிலிருந்து அந்த மூட்டை அவனைக் குடைந்தது. கனம் இருந்தது, சூடு இல்லை. மோந்தான், வாசனையும் இல்லை.

"பிரியேன்டா," என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் ரூஃபினோ.

"மத்தியானம் வரைக்கும் ஊகிச்சுப் பாக்கிறேன். வான்கோழிக் கறியாத்தான் இருக்கும்."

கோட்டை வாசல்கள் இடுப்பளவே இருந்தன. "முன்னோருங்க இதுல எப்படிடா நுழைஞ்சாங்க?" என்றான் வில்ஃப்ரீதோ.

"எல்லாரும் உன்னை மாதிரி வீட்ல குனிஞ்சு பழகினவங்கதான்."

பிறகு காட்டுக்குள் நீச்சலுக்கான செனோத்தேக்குப் போனார்கள். பாறைக்குழிக்குள் நீலத் தண்ணீர். குதிக்கப் போன வில்ஃப்ரீதோவை ரூஃபினோ பிடித்து நிறுத்தினான்.

"பொண்டாட்டிகிட்டப் பொய் சொல்லிட்டு வந்திருக்க. அலூஷ்களுக்கு ஒண்ணும் வைக்காம இறங்கினா காலைப் பிடிச்சு இழுத்துடுவாங்க."

காட்டையும் தண்ணீரையும் காவல் காக்கும் அந்தக் குட்டி மனிதர்களோடு ஊரில் யாரும் விளையாடுவதில்லை. வில்ஃப்ரீதோ மூட்டையை மர வேரடியில் வைத்தான்.

"ஒரே ஒரு தடவை பிரிச்சுப் பாத்துட்டு…"

"படையலைப் போய் நோண்டுவாங்களாடா?"

பேன்ட்டோடு குதித்தான். அப்படி ஒரு சந்தோஷம் அவனுக்குப் பல வருஷமாகக் கிடைத்ததில்லை.

சாயங்காலம் சட்டையெல்லாம் செம்மண்ணைப் பூசிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தான்.

"களை ஜாஸ்தியோ?"

"முதுகே ஒடிஞ்சுபோச்சுடி."

"நான் குடுத்தது?"

"அடடா, அந்த வான்கோழிக் கறி! ரூஃபினோ விரலையே கடிச்சுட்டான்."

"காரம்?"

"கச்சிதம்!"

"உங்க நீச்சல் நிக்கரும் துண்டும் அவ்வளவு ருசியாவா இருந்துச்சு?"

"உனக்கு… எப்படி…"

"களை வெட்டப் போற மனுஷன் கால் நகத்தை வெட்டிட்டா கிளம்புவாரு? ஈரத்துணியோட வந்து சளி பிடிக்குமேன்னு வச்சேன். போய் மாத்துங்க."

அவனுக்கு வெட்கமாகப் போயிற்று.

அடுத்த ஞாயிறு, நிக்கோலாசாவையும் மாமியாரையும் மைத்துனிகளையும் துலூம் வேனில் ஏற்றி, குடையையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, வில்ஃப்ரீதோ நிஜமாகவே களை வெட்டப் போனான்.