துப்புரவாளர் பார்த்துக்கொள்வார்

கணினிக்கு நிரல் எழுதிப் பிழைப்பவர்களில் ‘வாங்கிப்போடுபவர்’ என்று ஒரு ரகம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாப்பிட்ட தட்டை மேஜையிலேயே விட்டு எழுந்துபோவார். எடுத்துப் போடக்கூடாதா என்று கேட்டால், அதற்குத்தான் ஆள் இருக்கிறதே என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார். படித்தவர். பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள் பெயரைவிட நீளம். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு, பழைய இரும்பு வாங்கி விற்றே மூன்று மாடி கட்டியவன். எது சரக்கு, எது குப்பை என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

விஷயம் இதுதான். நிரல் ஓடும்போது ஒவ்வொரு பொருளுக்கும் கணினியின் நினைவில் இடம் கேட்டு வாங்க வேண்டும். டிக்கெட்டுக்கு ஓர் அளவு, இருக்கைக்கு ஓர் அளவு. என்ன வகை என்று சொன்னால் போதும், கணினியே அதற்கேற்ற இடத்தை ஒதுக்கி, மேலே வகையின் பெயரையும் ஒட்டிக் கொடுத்துவிடும். வேலை முடிந்ததும் திருப்பித் தரும் தொல்லைகூட இல்லை. உள்ளேயே ஒரு துப்புரவாளர் இருக்கிறார், ஆள் அல்ல, அவரும் ஒரு நிரல்தான். அவ்வப்போது சுற்றிவந்து, நிரலில் யாரும் ‘எனக்கு வேண்டும்’ என்று பிடித்திராத பொருளையெல்லாம் அள்ளிப்போய் இடத்தைக் காலியாக்குவார். யாராவது சுண்டுவிரலால் பிடித்திருந்தாலும் போதும், அதைத் தொடமாட்டார். அவ்வளவு நாணயஸ்தர். இவ்வளவுதான் சங்கதி. இதற்கு எதற்கு ஐயா பட்டம்?

இந்த ரகத்தின் உத்தமமான உருப்படி ஒன்று, ஒரு பஸ் கம்பெனியின் மாடி அறையில் உட்கார்ந்திருந்தது. டிக்கெட் விற்கும் நிரலை எழுதுவது அங்கே இருந்த நால்வரின் வேலை. இவருக்கு ‘புரொபசர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இவரை மேய்க்கும் பொறுப்பு நால்வரில் மூத்தவரான மேடத்துக்கு. மேடத்தின் வீட்டுக்காரருக்கு வேலை போய் வருஷமாகிறது. அடுப்பு எரிவது இந்த அம்மாளின் சம்பளத்தில்.

சாயங்காலக் கூட்டம் கூடும் நேரம் பார்த்து நினைவு நிரம்பி, டிக்கெட் திரை உறைந்து நிற்கும். கீழே கவுன்ட்டரில் இருக்கும் பெண் போன் செய்வாள்.

“அக்கா, நின்னுடுச்சு. ஜன்னல் வழியா கையை விட்டு என் கம்ப்யூட்டரை அடிக்கிறாங்க.”

முதலாளி ஒருநாள் மாடியேறி வந்தார். உட்காரவில்லை.

“இன்னொரு தடவை கூட்ட நேரத்துல நின்னா இந்த ரூமைப் பூட்டிடுவேன். நாலு பேரும் வீட்டுக்குப் போய்க்கலாம்.”

மேடம் புரொபசரின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“ஒரு டிக்கெட்டுக்கு எதுக்கு சார் இத்தனை பொருள்?”

“பயணின்னு ஒரே வகையா வச்சா அழகா இருக்காது மேடம். நிக்கிற பயணி, உட்கார்ந்த பயணி, உட்காரப் போற பயணி, உட்கார்ந்து எழுந்த பயணி...”

“எழுந்தவர் இறங்கி வீட்டுக்கே போயிட்டாரே. அவருக்கு ஏன் இன்னும் இடம்?”

“எப்பவாவது தேவைப்படும்னு பிடிச்சு வச்சிருக்கேன். மீதியெல்லாம் துப்புரவாளர் பாத்துப்பார்.”

கணினியில் நினைவு போதவில்லை என்றார் புரொபசர். இரண்டு பங்காக வாங்கிப் போட்டார்கள். திரை கொஞ்சம் தாமதமாக உறைந்தது. நல்லவேளை, கூட்டம் கலைந்த பிறகு. இந்த ரகம் தன்னைச் சந்தேகிக்குமா? ஒருநாளும் கிடையாது. பழி துப்புரவாளர் மேல் விழுந்தது.

“அவர் ஒழுங்கா வேலை செய்யலை மேடம். கண்காணிக்கணும்.”

ராப்பகலாக உட்கார்ந்து ஒரு கண்காணிப்புப் பட்டியல் செய்தார். எந்தப் பொருள் பிறந்தாலும் பட்டியல் உடனே அதைக் கையில் பிடித்துக்கொள்ளும். துப்புரவாளர் அதை எடுத்துவிட்டாரா என்று ஓயாமல் எட்டிப் பார்க்கும். மறுநாள் காலையில் அதை ஓடவிட்டார். மதியமே திரை உறைந்தது. கூட்டம் வர இன்னும் சில மணி நேரம்தான் இருந்தது. மேடம் பட்டியலைத் திறந்து பார்த்தார். காலையிலிருந்து பிறந்த ஒரு பொருள்கூடப் போயிருக்கவில்லை.

“சார், இந்தப் பட்டியல் எல்லாத்தையும் பிடிச்சிட்டிருக்கு, இல்லையா?”

“பின்னே? பிடிச்சாத்தானே இருக்கா போச்சான்னு பார்க்க முடியும்.”

“நீங்க பிடிச்சிட்டிருந்தா அவர் எப்படி சார் எடுப்பார்?”

புரொபசர் சொன்னார்: “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அவர்.”

மேடம் அவரை டீ குடிக்க அனுப்பிவைத்தார். பட்டியலை அழித்தார். எழுந்துபோன பயணிகளைப் பிடித்து வைத்திருந்த நிரல் வரிகளையும் அழித்தார். திரையை மறுபடி ஓடவிட்டு, போனுக்கு எதிரில் உட்கார்ந்தார். கீழே கூட்டத்தின் இரைச்சல் ஏறிக்கொண்டே வந்தது. போன் அடித்தது. எடுத்தார்.

“அக்கா, எல்லாருக்கும் டிக்கெட் குடுத்துட்டேன். கடைசி பஸ்ஸும் கிளம்பிடுச்சு. நான் போகட்டுமா?”

மறுநாள் புரொபசர் முதலாளியிடம் சொன்னது என்ன தெரியுமா? “துப்புரவாளர்கிட்ட கொஞ்சம் கண்டிப்பா இருந்தேன் சார். வழிக்கு வந்துட்டார்.” திரும்பி வந்து மேடத்திடம் சொன்னது: “அழிச்சதை எனக்கு ஒரு காப்பி அனுப்பிடுங்க. எப்பவாவது தேவைப்படும்.”

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் மைத்துனர் அன்றைக்கு நாலு பேர் முன்னால் உங்களைச் சொன்ன சொல்லை நீங்கள் மறந்துவிட்டீர்கள் அல்லவா? நேற்று சாப்பிடும்போதுகூட வீட்டில் சொன்னீர்கள்: “எந்த நாற்காலியில உட்கார்ந்து சொன்னார், என்ன சட்டை போட்டிருந்தார், யார் யார் சிரிச்சாங்க, எல்லாத்தையும் நான் எப்பவோ மறந்துட்டேன்.”

துடைப்பத்தோடு ஒருவர் பக்கத்திலேயே நிற்கிறார். உங்கள் சுண்டுவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.